யாருடைய வழக்கறிஞர்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் வியப்படையலாம். "நிறுவனங்களின் மீது அரசாங்கம் விசாரணை நடத்தும்போது குற்றவியல் வழக்கறிஞரை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பது முதலாளிகளின் கவலையல்லவா? பாடம் படிக்கும் எங்களுக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், இன்று வணிகவியல் வகுப்பில் அமர்ந்திருப்பவர்களுள் பலர் சில ஆண்டுகளில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அமர்வார்கள். மேலதிகாரி நீட்டும் தாளில் கையெழுத்திடுவார்கள். அந்தக் கையெழுத்தைப் பற்றி ஒரு நாள் அரசாங்க அதிகாரி ஒருவர் வினவக்கூடும். அன்று நிறுவனம், "கவலைப்படாதீர்கள், நம் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்" என்று ஆறுதல் கூறும். அந்த 'நம்' என்னும் சிறு சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? அதைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

வழக்கறிஞரைத் தேடுவோர் பெரும்பாலும், "யார் பெரியவர்? யாருக்குச் செல்வாக்கு மிகுதி?" என்றே விசாரிக்கிறார்கள். நிறுவன விசாரணையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "அவர் யாருடைய வழக்கறிஞர்?" என்பதே அது. இதற்கு விடை தெரிந்துகொண்ட பின்னரே மற்றக் கேள்விகளுக்கு இடமுண்டு.

முதலில், இவ்விசாரணை எத்தகையது என்று பார்ப்போம். திருட்டும் கொலையும் நடந்தால் காவல் துறை நேரே கதவைத் தட்டும். நிறுவன விசாரணை பெரும்பாலும் ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. "இன்ன ஆண்டின் கணக்கேடுகளை அனுப்புக; இன்னின்ன வினாக்களுக்கு விளக்கம் தருக" என்று அக்கடிதம் கேட்கும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் 'செபி' என்னும் வாரியம் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்தகைய அதிகாரம் பெற்றது. பெரும் மோசடிகளை ஆராய்வதற்கெனத் தீவிர மோசடிப் புலனாய்வு அலுவலகம் 2003இல் அமைக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் அதற்குச் சட்டபூர்வமான நிலையை அளித்தது. இவற்றோடு அமலாக்கத் துறை, சுங்கத் துறை, வருமான வரித் துறை ஆகியவையும் உள்ளன.

ஒரு வீட்டிற்குப் பல வாயில்கள் இருப்பதுபோல ஒரே செயலுக்குப் பல விசாரணைகள் நடக்கலாம். கணக்கில் பொய் எழுதப்பட்டதாக வைத்துக்கொள்வோம். முதலீட்டாளரை ஏமாற்றியதற்காகச் செபி அபராதம் விதிக்கலாம். புலனாய்வு அலுவலகம் குற்ற வழக்குத் தொடரலாம். அதனால் வந்த பணம் எங்கே போயிற்று என்று அமலாக்கத் துறை தேடலாம். ஓரிடத்தில் தந்த விடை மற்றோரிடத்திற்கும் சென்று சேரும். சாதாரண விளக்கம்தானே என்று அவசரமாக எழுதி அனுப்பிய கடிதம், பின்னர்க் குற்றவியல் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்து நிற்கும். விளைவும் எளியதன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 447ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய மோசடிக்கு 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பொதுநலன் பாதிக்கப்பட்டிருந்தால் அது 3 ஆண்டுக்குக் குறையாது. அதனோடு மோசடித் தொகைக்குக் குறையாத அபராதமும் உண்டு. அது அத்தொகையின் மும்மடங்கு வரை உயரலாம்.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். சட்டத்தின் கண்ணில் நிறுவனமும் ஓர் ஆள். அது சொத்து வாங்கும், வழக்குத் தொடுக்கும், குற்றவாளிக் கூண்டிலும் நிற்கும். சிறைத்தண்டனையும் அபராதமும் சேர்த்து விதிக்க வேண்டிய குற்றத்திற்காகவும் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரலாம். அதற்கு அபராதம் மட்டும் விதித்தால் போதும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. நிறுவனத்தைச் சிறையில் அடைக்க இயலாது. அதில் பணிபுரியும் மனிதரை அடைக்க இயலும். ஆகவே, ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் நிறுவனத்திற்கு நேரக்கூடிய துன்பமும் மனிதருக்கு நேரக்கூடிய துன்பமும் ஒன்றல்ல. துன்பம் வேறுபடும்போது நலனும் வேறுபடும். "தவறு செய்தவர் இன்ன அலுவலர், நிறுவனம் அறியாது" என்று கூறுவது நிறுவனத்திற்கு நன்மையாக முடியலாம். "மேலிடத்து ஆணைப்படியே செய்தேன்" என்று கூறுவது அந்த அலுவலருக்கு நன்மையாகலாம். இவ்விரண்டையும் ஒரே வாய் எப்படிப் பேச முடியும்?

ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கணினி நிறுவனத்தின் வழக்கு உங்களிற் பலர் அறிந்ததே. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே, கணக்குகள் பல ஆண்டுகளாகப் பெருக்கிக் காட்டப்பட்டன என்று கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். 2015 ஏப்ரல் 9 அன்று சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. நான் சுட்டிக்காட்ட விரும்புவது அந்தப் பத்துப் பேர் யார் யார் என்பதையே. நிறுவனத்தை நடத்திய தலைவர் அவர்களுள் ஒருவர். நிதிப் பொறுப்பாளர் ஒருவர். வெளியிலிருந்து கணக்கைச் சரிபார்த்த தணிக்கையாளர் இருவர். நிறுவனத்தின் உள் தணிக்கைத் தலைவர் ஒருவர். கீழ்நிலையில் பணியாற்றிய ஊழியர்களும் இருந்தனர். ஒரே கூண்டில் நின்றாலும் அவர்கள் ஒவ்வொருவரும் விடை சொல்ல வேண்டிய கேள்வி வெவ்வேறு.

இந்த வேறுபாட்டை வழக்கறிஞர் தொழிலோடு பொருத்திக் காட்டிய புகழ்பெற்ற வழக்கு அமெரிக்காவில் நடந்தது. அந்நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் நிகழ்ச்சி எளிமையாக இருப்பதால் பாடமாகக் கொள்ளத் தக்கது. மிச்சிகன் மாநிலத்தில் அப்ஜான் என்னும் மருந்து உற்பத்தி நிறுவனம் இருந்தது. அதன் வெளிநாட்டுக் கிளை நிறுவனம் ஒன்று, வியாபாரம் பெறுவதற்காக அந்நிய அரசாங்க அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்ததைத் தணிக்கையாளர்கள் 1976 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். உடனே நிறுவனத்தின் தலைமைச் சட்ட அலுவலர், வெளி வழக்கறிஞர்களின் துணையோடு உள்விசாரணை நடத்தினார். மேலாளர்களுக்கு வினாத்தாள் அனுப்பினார். பலரை நேரில் கண்டு பேசினார். நடந்ததை நிறுவனம் தானாகவே பங்குச் சந்தை ஆணையத்திற்குத் தெரிவித்தது. பின்னர் வரித் துறையினர், அந்த வினாத்தாள்களையும் நேர்காணற் குறிப்புகளையும் கொடுக்கும்படி ஆணை அனுப்பினார்கள். நிறுவனம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1981 ஜனவரி 13 அன்று தீர்ப்பு வந்தது. நிறுவனத்திற்குச் சட்ட ஆலோசனை கிடைப்பதற்காக ஊழியர்கள் வழக்கறிஞரிடம் சொன்னவை இரகசியமானவை. அவற்றை வெளியிடுமாறு வற்புறுத்த முடியாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. பாதுகாப்பு பேச்சுக்கே தவிர நிகழ்ச்சிக்கு இல்லை. "வழக்கறிஞரிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்க இயலாது, "என்ன நடந்தது?" என்று தாராளமாகக் கேட்கலாம். மற்றொன்று இன்னும் முக்கியமானது. அந்த இரகசியத்திற்கு உரிமையாளர் நிறுவனமே. பேசிய ஊழியர் அல்லர். நிறுவனம் விரும்பினால் நாளையே அதை அரசாங்கத்திடம் கொடுத்துவிடலாம். அதைத் தடுக்க ஊழியருக்கு உரிமையில்லை.

இதனால் அந்நாட்டில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியது. உள்விசாரணையில் ஊழியரிடம் பேசத் தொடங்குமுன், "நான் நிறுவனத்தின் வழக்கறிஞர், உங்கள் வழக்கறிஞர் அல்லன். நீங்கள் சொல்வதை வெளியிடும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு" என்று வழக்கறிஞர் முன்னறிவிப்புச் செய்கிறார். அதற்கு 'அப்ஜான் எச்சரிக்கை' என்றே பெயர் வழங்குகிறது.

இந்த எச்சரிக்கை தெளிவாக இல்லாவிட்டால் என்ன நேரும்? பிராட்காம் என்னும் நிறுவனத்தின் நிதித் தலைவர் 2006 ஜூனில் நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடம் மனம்விட்டுப் பேசினார். அதே வழக்கறிஞர் நிலையம் வேறு உரிமையியல் வழக்குகளில் அவருக்காகவும் பணியாற்றி வந்தது. எச்சரித்தோம் என்று வழக்கறிஞர்கள் கூறினார்கள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார் அவர். அவர் பேசியவை தணிக்கையாளர்களுக்கும், பின்னர் அரசாங்க வழக்குத் தொடுப்போருக்கும் சென்றன. தணிக்கையாளரிடம் தெரிவிப்பதற்காகவே சொல்லப்பட்ட சொல்லை இரகசியம் என்று கருத முடியாது என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009 செப்டம்பரில் கூறிவிட்டது. அவர்மீதிருந்த வழக்கு அவ்வாண்டு டிசம்பரில் வேறு காரணத்தால் தள்ளுபடியாயிற்று. ஆயினும் தம் வழக்கறிஞர் என்று ஒருவர் எண்ணிய வாயிலாகவே அவருடைய சொல் எதிர்த்தரப்பை அடைந்தது. 'நம் வழக்கறிஞர்' என்னும் சொல்லை நான் ஏன் ஐயத்தோடு நோக்குகிறேன் என்பது இப்போது விளங்கும்.

இனி நம் நாட்டுச் சட்டத்திற்குத் திரும்புவோம். குற்றம் சாட்டப்பட்டவரைத் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 20ஆம் உறுப்பு கூறுகிறது. கைது செய்யப்பட்டவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை 22ஆம் உறுப்பு அளிக்கிறது. இவை உயர்ந்த உரிமைகள். ஆனால் நிறுவன விசாரணையில் அழைக்கப்படுபவர் தொடக்கத்தில் கைதியும் அல்லர். குற்றம் சாட்டப்பட்டவரும் அல்லர். சுங்க, அந்நியச் செலாவணி விசாரணைகளில் அழைக்கப்பட்டவர் வினவப்படும்போது வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமை கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1992இல் கூறியது. பார்வைக்கு எட்டிய தொலைவில், ஆனால் பேச்சுக் காதில் விழாத இடத்தில் வழக்கறிஞர் அமர்ந்திருக்கச் சில வழக்குகளில் நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன.

கையெழுத்து வேறுபாட்டையும் மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். காவல் துறையினரிடம் புலனாய்வின்போது தரும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கலாகாது. நிறுவனங்கள் சட்டத்தின் 217ஆம் பிரிவின்படி ஆய்வாளர் பதிவு செய்யும் வாக்குமூலமோ, படித்துக் காட்டப்பட்டுக் கையெழுத்திடப்படுவது. கையெழுத்திட்டவருக்கு எதிராகவே சாட்சியமாகப் பயன்படக்கூடியது. செபியின் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. எனவே இவ்வகை வழக்கில் வழக்கறிஞரின் முதன்மையான பணி நீதிமன்ற மேடையில் முழங்குவதன்று. விசாரணை அறைக்குள் நுழையுமுன், தாள்களைக் காலவரிசையில் அடுக்கி, எது நேரில் கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது, எது வெறும் ஊகம் என்று பிரித்தறியக் கட்சிக்காரருக்குக் கற்பிப்பதே அது. தேர்வுக்கு முந்திய நாள் வரை காத்திருக்கும் மாணவனுக்கு ஆசிரியரால் உதவ முடியாது. கையெழுத்திட்ட பின்னர்த் தேடி வருபவருக்கு வழக்கறிஞரும் சிறிதளவே உதவ முடியும். ஆதலால் கடிதம் வந்த அன்றே தேட வேண்டும்.

வழக்கறிஞரிடம் சொன்னது வெளியே போகாது என்பதற்கு நம் நாட்டிலும் சட்டக் காப்பு உண்டு. 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, கட்சிக்காரரின் வெளிப்படையான இசைவின்றி அவர் கூறியதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்கிறது. பணி முடிந்த பின்னரும் அக்கடமை தொடர்கிறது. ஆனால் நிறுவனத்தில் சம்பளம் பெற்றுப் பணிபுரியும் சட்ட அலுவலருக்கு இப்பிரிவின் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2025இல் விளக்கியது. மேலும், சட்டவிரோதமான நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சொல்லப்படும் சொல்லுக்கு எவரிடத்தும் காப்பில்லை. "இந்தத் தாளை எப்படி மறைப்பது?" என்று கேட்பவருக்குச் சட்டம் இரகசியக் கதவைத் திறந்து வைக்கவில்லை.

தாள்களை மறைப்பதால் வரும் கேட்டுக்கு ஆர்தர் ஆண்டர்சன் என்னும் தணிக்கை நிலையத்தின் முடிவு சான்று. என்ரான் நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்த அந்நிலையத்தில், 2001 இறுதியில் விசாரணை நெருங்கிய வேளையில், ஏராளமான ஆவணங்கள் அழிக்கப்பட்டன. 2002 ஜூனில் அந்நிலையம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. நடுவர் குழுவுக்கு நீதிபதி தந்த விளக்கம் சரியில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2005 மே மாதத்தில் அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் அதற்குள் நிலையமே சிதைந்துவிட்டது; ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேறு வேலை தேடிப் போயினர். விசாரணை என்ற சொல் காதில் விழுந்ததும், "ஒரு தாளையும் தொடாதீர்கள், ஒரு மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள்" என்று முதலில் சொல்பவரே நல்ல வழக்கறிஞர்.

அத்தகையவரைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு? திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே உள்ளது. ஒருவரை ஆராய்ந்து, பின்னரே நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. அந்த ஆராய்ச்சிக்கு ஐந்து கேள்விகளை நான் பரிந்துரைப்பேன்.

"இவ்விவகாரத்தில் தொடர்புடைய வேறு யாருக்காக நீங்கள் பணியாற்றுகிறீர்கள்?" என்பது முதற் கேள்வி. தமக்குள்ள தொடர்புகளை ஒளிக்காமல் கட்சிக்காரரிடம் கூற வேண்டும் என்பது வழக்கறிஞர் மன்றத்தின் விதி. விடையில் தயக்கம் தெரிந்தால் வேறிடம் நாடுவதே நலம்.

"ஒழுங்காற்று விசாரணை, குற்ற வழக்கு ஆகிய இரண்டையும் நடத்தியிருக்கிறீர்களா?" என்பது இரண்டாவது. நிறுவனச் சட்டம் மட்டும் அறிந்தவர், அதிகாரியை மகிழ்விக்க நீண்ட விளக்கம் எழுதி, நாளைய குற்ற வழக்கிற்கு இன்றே அடிக்கல் நாட்டிவிடுவார். குற்ற வழக்கு மட்டும் அறிந்தவர், இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் திணறுவார். இரண்டும் ஒருவரிடம் இல்லையேல் இருவர் இணைந்து பணியாற்றலாம்.

"என் தாள்களைப் படிக்கப் போகிறவர் யார்?" என்பது மூன்றாவது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் மூத்த வழக்கறிஞர் என்று ஒரு வகுப்பை ஏற்படுத்தியது. அவர்கள் கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை ஏற்பதில்லை. மற்றொரு வழக்கறிஞர் வாயிலாகவே ஏற்கிறார்கள். ஆகவே, புகழ் பெற்ற பெயரைக் காட்டிலும், நாள்தோறும் நம் கோப்பைத் திறந்து பார்க்கப் போகும் அந்த மற்றவரைப் பற்றியே மிகுதியாக ஆராய வேண்டும்.

"எனக்குப் பாதகமானவை எவை?" என்பது நான்காவது. இதற்கு நேர்மையான விடை தருபவர், கசந்தாலும் மருந்து தரும் மருத்துவர் போன்றவர். "வெற்றி உறுதி" என்பவரையும், வெற்றிக்கேற்ற கூலி பேசுபவரையும் தவிர்க்க. பின்னது வழக்கறிஞர் விதிகளில் தடை செய்யப்பட்டது. "அதிகாரியை எனக்குத் தெரியும், சொல்லி முடித்துவிடலாம்" என்பவரிடமிருந்து விரைந்து விலகுக. பொது ஊழியரை முறைகேடாக நடக்கச் செய்வதாகச் சொந்தச் செல்வாக்கைக் காட்டிப் பணம் பெறுவது, 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம்.

"கட்டணம் எவ்வளவு? அதை யார் தருவார்?" என்பது ஐந்தாவது. ஊழியரின் வழக்கறிஞருக்கு நிறுவனமே கட்டணம் செலுத்துவதில் தவறில்லை. பணம் யார் தந்தாலும் கடமை ஊழியருக்கே உரியது என்று எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். வசதியற்றவர் மனம் தளர வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் இலவச உதவி கிடைக்கிறது. பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினரும், தொழிலாளர்களும், காவலில் உள்ளோரும் வருமானத்தைக் காட்டாமலே அதற்கு உரியவர்கள்.

நம் நாட்டில் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ள அனுமதியில்லை. ஆகவே விளம்பரத்தைக் கண்டு மயங்காமல், வெளியாகியுள்ள தீர்ப்புகளில் யார் எத்தகைய வழக்கை நடத்தினார் என்று படித்தும், அனுபவம் வாய்ந்த தணிக்கையாளர்களைக் கேட்டும் அறிய வேண்டும்.

"உண்மை பேசுபவனுக்கு வழக்கறிஞர் எதற்கு?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடைத்தாள் திருத்திப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விடை அறிந்த மாணவனும் அச்சத்தில் வினாவைத் தவறாகப் படிப்பதுண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு பதிவைக் காட்டி, "இது உனக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்கும்போது, அஞ்சிய மனம் தெரியாததைத் தெரியும் என்றும், தெரிந்ததைத் தெரியாது என்றும் சொல்லிவிடும். உண்மையை உண்மையின் அளவிலேயே சொல்ல உதவுபவர் வழக்கறிஞர். குற்றம் செய்தவருக்கும் அவர் தேவை; தண்டனை குற்றத்தின் அளவைத் தாண்டாதிருக்க வேண்டுமல்லவா?

நாளை நீங்கள் அலுவலகத்தில் அமர்ந்து பேனாவை எடுக்கும்போது, படிக்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். மேலிடத்து ஆணை வாய்ச்சொல்லாக வந்தால், அதை எழுத்தில் தருமாறு பணிவோடு கேளுங்கள். அவ்வாறு கேட்டுப் பெற்ற ஒரு துண்டுத் தாள், பின்னொரு நாளில் எந்த வழக்கறிஞரும் முதலில் தேடும் பொருளாக இருக்கும். அதையும் மீறி விசாரணைக் கடிதம் வந்துவிட்டால், அஞ்சி ஒளியவும் வேண்டாம். அவசரப்பட்டு எழுதவும் வேண்டாம். உங்களுக்காகவே பேசக் கடமைப்பட்ட ஒருவரை நாடி, நடந்தது முழுவதையும் அவரிடம் சொல்லுங்கள்.